படிப்பு சரி, மருந்துச் சீட்டு யார் கையில்?

தண்டையார்பேட்டை

அன்பு தம்பி பிரபுவுக்கு,

பிசியோதெரபிஸ்டாக இருக்கிற நீ, பிள்ளைகளைப் பரிசோதித்து நீயே சிகிச்சை முடிவெடுக்கப் பழக்கும் அட்வான்ஸ்டு பிராக்டிஸ் படிப்பில் சேரட்டுமா என்று கேட்டாய். சேர். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சிலதைக் கேட்டு வாங்கிக்கொள்.

நான் குழந்தைகள் வார்டில் இருந்த காலத்தில் எண்ணூர், மணலி, காசிமேடு பிள்ளைகள் வீசிங்கோடு வந்துகொண்டே இருக்கும். தூக்கிக்கொண்டு வரும்போதே சீனியர் சிஸ்டர்களுக்குத் தெரிந்துவிடும். 2 மாதத்திலிருந்து ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50 மூச்சு, அதற்கு மேல் 5 வயது வரை 40 மூச்சு. அதைத் தொட்டாலே வேக மூச்சுதான். நெஞ்சும் உள்ளே இழுத்தால் காத்திருக்கக் கூடாது. குழந்தைக்குக் கடைசி வரைக்கும் பிபி சரியாகவே காட்டும், அப்புறம் ஒரேயடியாக இறங்கும். எல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்து என்ன? நெபுலைசருக்கு மருந்து எழுத எங்களுக்கு உரிமை இல்லை. டியூட்டி டாக்டர் வேறு வார்டில் இருப்பார். ஆயாவை ஓடவிட்டு, அந்தத் தாய் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். ரிட்டையர் ஆகியும் எனக்கு அது ஆறவில்லை.

நீ இருக்கிற பிரிட்டனில் 2013 முதல் பிசியோக்களும் தனியாகப் பயிற்சி எடுத்தால் மருந்து எழுதலாம். அட்வான்ஸ்டு பிராக்டிஸுக்கு 2017-இல் இங்கிலாந்தில் வகுத்த முறைப்படி சிகிச்சை, தலைமைப் பொறுப்பு, கற்பித்தல், ஆராய்ச்சி நான்கிலும் தேற வேண்டும். கடைசியது உனக்குக் கசக்கும். ரெக்கார்டு நோட்டை என்னை எழுதவைத்தவன் நீ.

டாக்டர் வேலையை நாம் செய்வதா என்று கூச்சப்படாதே. கூடுதல் பயிற்சி பெற்ற நர்ஸே நோயாளியைப் பார்த்து முடிவெடுக்கும் நர்ஸ் பிராக்டிஷனர் முறை அமெரிக்காவில் தொடங்கியதே குழந்தைகளுக்காகத்தான். 1965-இல் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். இங்கேயும் தீவிர சிகிச்சைக்கு நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு வந்திருக்கிறது. ஆனால் அதை முடித்த நம் தெருப் பெண் ஒருத்தி, பழையபடி ஸ்டாஃப் நர்ஸ் டியூட்டிதான் பார்க்கிறாள். அதனால்தான் சொல்கிறேன், முடித்த பிறகு என்ன பதவி, எதுவரைக்கும் நீயே முடிவெடுக்கலாம் என்பதை இப்போதே எழுதித் தரச் சொல்.

படிக்கிற நேரத்தை டியூட்டி நேரத்துக்குள் ஒதுக்குவார்களா என்றும் கேள். நைட் டியூட்டி முடித்து வந்து படிப்பது நடக்காத காரியம். பாடத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்க வேண்டும். பெரியவர்களை வைத்துச் சொல்லிக்கொடுத்து, அதையே பாதியாகக் குறைத்துக்கொள் என்றால் ஆபத்து. டோஸ் எல்லாம் எடைக் கணக்கு. ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு போய்விடும்.

இன்னொன்று, உனக்குச் சளி, நெஞ்சு, மூச்சு அத்துப்படி. காய்ச்சலோடு வந்த பிள்ளையின் உடம்பில் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளி இருந்தால்? வயிற்றைத் தொட்டாலே அலறினால்? அங்கே உன் பத்து வருட அனுபவம் உதவாது. முதல் வருடப் பிள்ளை மாதிரி ஆரம்பிக்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்த ஒரு சீனியர் டாக்டர் வேண்டும். பேப்பரில் பெயர் மட்டும் போட்டுவிட்டு வராத ஆளாக இருந்தால் வேறு ஆளைக் கேள். அங்கே இருக்கிற நர்ஸ்களிடமும் கற்றுக்கொள், வெட்கப்படாதே.

ஃபீஸை ஆஸ்பத்திரியே கட்டுமா என்று பார். இல்லையென்றால் அப்பாவிடம் சொல்வதற்கு முன்னால் என்னிடம் சொல்.

அம்மா