ஆடி வெள்ளியன்னிக்கு நின்னுபோன கம்ப்யூட்டர்

மச்சான்,

சுகமா? வீட்ல எல்லாரும் எப்படி? சின்னவளுக்குப் பல்லு விழுந்த போட்டோ பாத்தேன், லைக் போட்டேன், அதுக்கு மேல ஒரு வரி எழுதல. எட்டு மாசமா எழுதல. அன்னிக்கு போன்ல நீ சொன்ன அந்த வார்த்த மனசுல உக்காந்துகிச்சு, அதான் காரணம், வேல ஜாஸ்தின்னு உங்கிட்ட கத விட மாட்டேன். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவல. நம்ம கூட்டாளி ஒட்டகம் ஒரு வழியா வீடு வாங்கிட்டான், பட்டர்வொர்த்ல, பெர்ரி ஹார்ன் சத்தம் கேக்குற தூரத்துல. கெப்டனும் அதே மாமாக் சாப்பாட்டுக் கடை, அதே மேசை, உன் மூணு தே தாரிக் டீ கணக்க அவன் இன்னும் மறக்கல லா.

சரி, எழுத வந்தது வேற. ஆடி மூணாவது வெள்ளி, காலைல ஆறு மணிக்கு அத்தை போன் அடிச்சாங்க. பிறை ஊரு பக்கம் அவங்க கோயில் உனக்குத் தெரியுமே, அங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் போன வருஷம் நான்தான் போட்டுக் குடுத்தேன். பழைய மெஷின், விண்டோஸ் ஓட்டுனா மூச்சு வாங்குது, அதனால லினக்ஸ் போட்டு, வரவு செலவுக்கு லிப்ரேஆபீஸ் வச்சு, அர்ச்சனைச் சீட்டு பிரிண்ட் ஆகுற மாதிரி செஞ்சு, ராத்திரியானா எல்லாக் கணக்கும் வெளி டிஸ்க் ஒண்ணுல காப்பி ஆகுற மாதிரியும் வச்சிருந்தேன். ஒரு வருஷம் ஒரு பிரச்சினையும் இல்ல. வியாழக்கிழமை ராத்திரி பொருளாளர் அங்கிள், பக்கத்து வரிசைக் கடையில திருடு போயிடுச்சேன்னு பயந்து, கம்ப்யூட்டர முறையா அடச்சிட்டு, அந்த டிஸ்க்க மட்டும் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. யோசிச்சுப் பாத்தா அவர் செஞ்சதுதான் சரி, பேக்கப் ஒரே கட்டடத்துல இருந்தா அது பேக்கப்பே இல்லன்னு அவருக்குச் சொன்னதே நான்தான்.

காலைல பட்டனத் தட்டுனா மெஷின் எந்திரிக்கல. மோட்டார் சைக்கிள எடுத்துகிட்டு பினாங்குப் பாலத்துல பறந்தேன், பதிமூன்றரை கிலோமீட்டர் அன்னிக்கு முடியவே மாட்டேங்குது. நான் போய்ச் சேர்றப்ப வாசல் வரைக்கும் வரிசை. கையில எலுமிச்ச மாலை, வேப்பிலைக் கட்டு, பால் செம்பு. ரெண்டு பாட்டிங்க படிக்கட்டுலயே உக்காந்துட்டாங்க. உள்ள குருக்கள் ஐயா பழைய ரசீது புத்தகத்தத் தேடி எடுத்து, கார்பன் பேப்பர் வச்சு, ஒவ்வொரு பேரு நட்சத்திரமா கையால எழுதிகிட்டு இருக்காரு. அத்தை என்னப் பாத்து ஒண்ணுமே சொல்லல. ஏதாவது சொல்லியிருந்தா கூட பரவாயில்ல.

ஸ்கிரீன்ல என்ன இருந்துச்சுன்னு சொல்றேன், உனக்குத் தெரிஞ்சதுதான். அந்தச் சின்ன சிவப்பு நட்சத்திரம் இடமும் வலமும் ஓடுது, பக்கத்துல டிஸ்க்கோட நீள நம்பர், அதுக்குப் பக்கத்துல நொடி ஓடுது, ஒரு நிமிஷம் முப்பது நொடி வரைக்கும் அந்த டிஸ்க்குக்காகக் காத்துகிட்டே இருக்கு. தொண்ணூறு நொடி முடிஞ்சதும் எமர்ஜென்சி மோடு, அதாவது பாதியிலயே நின்னு, வந்து சரி பண்ணுன்னு சொல்ற நெலம. அதுலயும் உள்ள போக முடியல, ஏன்னா ரூட்ங்கிற தலைமைக் கணக்கு பூட்டியிருக்காம். வீட்ல இருக்குற டிஸ்க்குக்காக கோயில்ல மெஷின் மொத்தமா நின்னுடுச்சு. யூஎஸ்பிலேர்ந்து இன்னொரு லினக்ஸ ஓட்டி உள்ள போய், பூட் ஆகுறப்ப எந்த டிஸ்க்க எங்க பொருத்தணும்னு சொல்ற எஃப்எஸ்டாப் ஃபைலத் தொறந்தேன். நான் எழுதுன வரி. மொதல்ல யூயூஐடி, அதான் டிஸ்க்கோட அந்த நீள நம்பர், அப்புறம் எங்க பொருத்தணும், என்ன ஃபைல்சிஸ்டம், அப்புறம் விருப்பத்தேர்வு இடத்துல வெறும் டிஃபால்ட்ஸ், கடைசில ரெண்டு எண். டிஃபால்ட்ஸுக்குப் பக்கத்துல ஒரு கமா போட்டு, இடம் விடாம நோஃபெயில்னு சேத்தேன், டிஸ்க் இல்லாட்டியும் நிக்காம மேல போன்னு அர்த்தம். அவ்வளவுதான் மச்சான். இடம் விட்டா அடுத்த கட்டத்துக்குப் போயிடும், அதனால ஒட்டியே எழுதணும். சேவ் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணேன், டிஸ்க் இல்லாமயே எந்திரிச்சுடுச்சு. எட்டு இருபதுக்கு மொத சீட்டு பிரிண்ட் ஆச்சு.

இதோட முடிஞ்சிருந்தா உனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருப்பேன். கூழு குடிச்சுட்டு அங்கயே திண்ணைல உக்காந்து, இந்த வரிய நான் எங்கேர்ந்து எடுத்தேன்னு யோசிச்சேன். யார் வேணாலும் திருத்தலாம்னு இருக்குற நம்ம லினக்ஸ் உதவி விக்கிலேர்ந்துதான். வெளி டிஸ்க் பத்தின தமிழ்ப் பக்கம், இங்கிலீஷ்லேர்ந்து நானே மொழிபெயர்த்தது. போன்லயே பக்கத்தோட வரலாற்றத் தொறந்தேன். ரெண்டு வருஷத்துக்கு முன்ன ஒரு புதுக் கணக்கு, அதுக்கு முன்ன ஒரு தொகுப்பு கூட செய்யாதவர், சரியா அந்த வரில அந்த நோஃபெயில சேத்திருக்காரு. கீழ ஒரு குறிப்பும் எழுதியிருக்காரு: "வெளி டிஸ்க்க கழட்டி வச்சிட்டு பூட் பண்ணா மெஷின் நின்னுடும், இத போட்டா நிக்காது." நாற்பது நிமிஷத்துல அத யாரோ மீளமைச்சிருக்காங்க, அதாவது எடுத்துட்டுப் பழையபடி ஆக்கியிருக்காங்க. யாருன்னு கேக்காத. காரணம் சொல்ற தொகுப்புச் சுருக்கத்துல நான் எழுதுனது: "மூலத்தில் இல்லை. நடை சரியில்லை."

அதுக்கப்புறம் அவரு உரையாடல் பக்கத்துல வந்து எழுதியிருக்காரு. அய்யா, இத நான் எங்க வீட்டு மெஷின்ல செஞ்சு பாத்தேன், ரெண்டு தடவ நின்னுச்சு, இங்கிலீஷ் பக்கத்துல இல்லாட்டியும் இது வேணும், பாத்து முடிவு பண்ணுங்கன்னு. என்கிட்டேர்ந்து பதில் இல்ல. அந்தச் சமயம் கவனிப்புப் பட்டியல்ல இருநூறு பக்கத்துக்கு மேல வச்சிருந்தேன், ஒண்ணையும் ஒழுங்கா பாக்கல. அவரோட பங்களிப்புப் பட்டியலத் தொறந்தா ரெண்டே வரி, அந்தத் தொகுப்பும் அந்தக் கேள்வியும். அதோட அந்தக் கணக்கு வரவே இல்ல.

இப்ப நீ சொன்ன வார்த்தைக்கு வர்றேன். "நீ விக்கி நடத்தல, ஜெராக்ஸ் கடை நடத்துற"ன்னு சொன்னியே. எனக்கு எவ்வளவு கோவம் வந்துச்சு தெரியுமா. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து 'மவுண்ட்'டுக்கு 'பொருத்து'வா 'ஏற்று'வான்னு அடிச்சுகிட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் இங்கிலீஷோட வரி வரியா ஒட்டிப் பாக்குறவன் நான், என்னப் பாத்து ஜெராக்ஸான்னு. ஆனா நீ சொன்னது சரி. இங்கிலீஷ்ல இருக்கா, தமிழ்ல இருக்கட்டும், இங்கிலீஷ்ல இல்லையா, தமிழ்ல இருக்கக் கூடாது. இதத்தான் நான் தரம்னு நெனச்சுகிட்டு இருந்தேன். மெஷின்ல சரியா ஓடுதான்னு ஒரு தடவ கூட போட்டுப் பாக்கல.

அந்த மூலமே என்ன நெலமைல இருந்துச்சுன்னு அப்புறம்தான் தோண்டிப் பாத்தேன். அந்தப் பகுதிய எழுதுனது சிஸ்டம்டி வர்றதுக்கு முந்தின காலத்துல, சிஸ்டம்டின்னா இப்ப லினக்ஸ்ல மெஷின எழுப்பி விடுற புரோகிராம். அப்ப அந்த எஃப்எஸ்டாப் வரில கடைசி எண்ணு பூஜ்யமா இருந்தா, டிஸ்க் இல்லன்னா ஒரு எரர் காட்டிட்டு மெஷின் பாட்டுக்கு மேல போயிடும். சிஸ்டம்டி வந்ததும் அது கறாராயிடுச்சு. டெபியன்ங்கிற லினக்ஸோட எட்டாவது பதிப்பு 2015ல வந்தப்பவே அதோட வெளியீட்டுக் குறிப்புல தெளிவா போட்டிருக்காங்க, பூட்ல டிஸ்க் பொருந்தலன்னா எமர்ஜென்சிக்குப் போயிடும், அவசியமில்லாத டிஸ்க்குக்கு நோஃபெயில் போடுன்னு. எங்க இங்கிலீஷ் பக்கத்த யாரும் தொடவே இல்ல, ஏன்னா அத படிக்கிறவனுக்கு நின்னுபோனா வேற பத்து இடத்துல தேடத் தெரியும். தமிழ்ப் பக்கத்த நம்பி வர்றவங்களுக்கு அந்த ஒரு பக்கம்தான் மச்சான். தப்பு முழுசா விழுறது அவங்க தலைலதான். அத்தை கோயில் மாதிரி இடம். தமிழ்ப்பள்ளி கம்ப்யூட்டர் ரூம், டியூஷன் சென்டர், நம்ம மாஸ்டர் மாதிரி ரிட்டயர் ஆகிட்டு சொந்தமா கத்துக்குறவங்க.

நான் அன்னிக்கு என்ன செஞ்சிருக்கணும்னு திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அவரு எழுதுனத அப்படியே விட்டுட்டு, நடை பிடிக்கலன்னா நடைய மட்டும் திருத்தியிருக்கலாம், அது அஞ்சு நிமிஷ வேல. சந்தேகமா இருந்தா 'சரிபார்க்கணும்'னு ஒரு வார்ப்புரு மேல ஒட்டி, உரையாடல் பக்கத்துல ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அதவிட முக்கியம், தமிழ்லேர்ந்து இங்கிலீஷுக்கு அத எடுத்துட்டுப் போயிருக்கணும். அவருக்கு அங்க போய் எழுத கூச்சமா இருந்திருக்கும், எனக்கு என்ன கேடு? எப்பவும் தண்ணி அங்கேர்ந்து இங்கதான் ஓடும்னு நானே முடிவு பண்ணி வச்சிருக்கேன். ஆர்ச் லினக்ஸ்காரங்களோட ஆர்ச் விக்கில தொகுக்குறவங்களுக்கு மூணு அடிப்படை விதி வச்சிருக்காங்க, பெரிய மாத்தத்த ஒரே அடியா செய்யாத, சுருக்கம் எழுதாம சேமிக்காத, கட்டுரைய மாத்தி எழுதப் போறன்னா முன்னாடியே உரையாடல்ல சொல்லு. நான் சுருக்கம் எழுதுனேன்தான். நாலு வார்த்த, ஒரு ஆளத் துரத்துறதுக்கு அது போதுமா இருந்துச்சு.

1995ல வார்ட் கன்னிங்ஹாம் மொத விக்கிய ஆரம்பிச்சப்ப ஹொனலூலு ஏர்போர்ட் பஸ்ஸோட பேரத்தான் அதுக்கு வச்சாரு, ஹவாய் பாஷைல விக்கின்னா சீக்கிரம்னு அர்த்தம். படிக்கிறவனே சட்டுனு திருத்திடலாம்ங்கிறதுதான் இதோட உயிரே. அந்தச் சட்டுனு எங்கிட்ட அழிக்கிறதுக்கு மட்டும்தான் இருந்துச்சு. ஒரு கிளிக், மீளமை, அவ்வளவுதான். அந்தப் பக்கம் அவருக்கு 'உங்கள் தொகுப்பு மீளமைக்கப்பட்டது'ன்னு ஒரு அறிவிப்பு போயிருக்கும். வீட்ல மெஷின் ரெண்டு தடவ நின்னு, தானா தேடிக் கண்டுபிடிச்சு, இன்னொருத்தன் கஷ்டப்படக் கூடாதுன்னு தமிழ்ல தட்டி அனுப்புன மனுஷனுக்கு. அத நெனச்சா எனக்கு வயித்தக் கலக்குது, சத்தியமா.

தமிழ்ல தட்டுறது கூட நம்ம ஊருக்கு எப்பவோ வந்துடுச்சு, முத்து நெடுமாறன் முரசு அஞ்சல ஆரம்பிச்சது 1985ல, நம்ம கோலாலம்பூர்ல. தட்டத் தெரிஞ்ச ஆளுங்களுக்குப் பஞ்சம் இல்ல. அவங்க தட்டுனத நம்ம மாதிரி ஆளுங்க எடுத்து வச்சுக்கணும்.

இதுவரைக்கும் என்ன செஞ்சேன்னா, அன்னிக்கு ராத்திரியே அவரோட வரிய அப்படியே திரும்பப் போட்டேன், அவரோட குறிப்பையும் அவர் வார்த்தையிலயே வச்சேன், "கழட்டி வச்சிட்டு"ன்னு இருக்குறத "அகற்றிவிட்டு"ன்னு மாத்தல. சுருக்கத்துல அவரோட கணக்குப் பேரப் போட்டு, அன்னிக்கு நான் மீளமைச்சது தப்புன்னு எழுதினேன். இங்கிலீஷ் பக்கத்துலயும் சேத்து, தமிழ்ப் பக்கத்து உரையாடலுக்கு லிங்க் குடுத்தேன். மூணு நாள்ல ரெண்டு பேர் வந்து அத இன்னும் நல்லா எழுதிக் குடுத்துட்டாங்க. அவரோட பேச்சுப் பக்கத்துலயும் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கேன். பதில் வரல. வரும்னு ஒவ்வொரு காலைலயும் பசியாறுறதுக்கு முன்ன ஒரு தடவ தொறந்து பாக்குறேன்.

அப்புறம் நான் மீளமைச்சதெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துப் பாக்க ஆரம்பிச்சேன். நாலு வருஷத்துல நூத்துப் பதினேழு. பாதி குப்பை, விளம்பரம், அதுல சந்தேகம் இல்ல. மீதிதான் பிரச்சினை. முப்பத்தி ரெண்டு பாத்து முடிச்சேன், அதுல அஞ்சு, அவங்க சொன்னது சரி, நான் தப்பு. ஒண்ணு பிரிண்டர் பக்கம், ஒண்ணு தமிழ்99 கீபோர்டு பக்கம். அந்தக் கீபோர்டு பக்கத்துல புள்ளி எழுத்து தானா வர்ற விதிய ஒரு பொண்ணு எவ்வளவு அழகா எழுதியிருக்கு தெரியுமா, 'அம்மா'ன்னு அடிச்சா மொத மகரத்துக்குப் புள்ளி தானா விழுற கதைய. அதையும் நான் தூக்கியிருக்கேன், காரணம் கூட எழுதல.

இங்கதான் நீ வேணும். உன் கிட்ட அந்தப் பழைய திங்க்பேட் லேப்டாப் இன்னும் இருக்குல்ல, மூடி ஒடஞ்சது? மீதி பக்கங்கள நான் படிச்சா எனக்கு எல்லாமே சரியா இருக்குற மாதிரிதான் தோணுது, என் கண்ணு பழகிடுச்சு. நீ அதுல லினக்ஸ புதுசா ஏத்தி, பக்கத்துல சொல்ற மாதிரியே ஒவ்வொரு வரியா செஞ்சு பாரு, எங்க நிக்குதோ அங்க என்ன ஸ்கிரீன் வந்துச்சுன்னு மட்டும் எழுது. நடை பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன். மொதல்ல பிரிண்டர் பக்கம், அடுத்தது ஃபாண்ட் பக்கம், வாரத்துக்கு ஒண்ணு போதும். அவசரம் ஒண்ணும் இல்ல, ஆனா தீபாவளிக்குள்ள பிரிண்டர் பக்கம் முடிஞ்சா நல்லது, அத்தை அவங்க கூட்டாளி கோயிலுக்கும் போட்டுக் குடுன்னு கேட்டுட்டாங்க, அதுவும் இந்தக் கூத்துக்கு அப்புறம். நான் இன்னும் சரின்னு சொல்லல.

அம்மா முறுக்கு சுட்டு வச்சிருக்கு, சனிக்கிழமை கெப்டன் கே.எல். வர்றான், அவன் கிட்ட குடுத்து விடுறேன். டின்ன திருப்பி அனுப்பிடு, போன தடவ அனுப்புனது இன்னும் வரலன்னு அம்மா கேட்டுகிட்டே இருக்கு.

போன் பண்ணு மச்சான். திட்டணும்னா திட்டு, எடுக்குறேன்.

உன் பழைய ரூம்மேட்
பாயான் லெப்பாஸ்