கொத்து கொண்டுவந்த பெடியனும் நீ கேட்ட கேள்வியும்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நல்ல சுகம். நீயும் மருமகனும் பேரனும் சுகமாய் இருக்க நல்லூரானை வேண்டிக்கொள்கிறோம். அம்மாவின் முழங்கால் நோ அப்படியே இருக்கிறது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

போன ஞாயிறு நீ கனடாவில், ஸ்காபரோவில் இருந்துகொண்டே எங்களுக்குக் கோழிக் கொத்து ஓடர் பண்ணினாய். கொண்டுவந்த பெடியனுக்கு நான் 200 ரூபாய் கொடுத்ததை அம்மா உனக்குக் கோள் சொன்னாள். "டெலிவரிக் காசும் சேர்த்துத்தானே அப்பா கட்டினனான், பிறகேன் குடுக்கிறியள்?" என்றாய். பிறகு நீயே, "இஞ்சயும் காசு கட்டுற மெசின் டிப்ஸ் 18, 20, 25 வீதம் எண்டு கேட்டுக்கொண்டே நிக்குது. இவர் குடு எண்டுறார், நான் ஏன் எண்டுறன். நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டாய். அதற்குள் பேரன் கத்தினான், போனை வைத்துவிட்டாய்.

36 வருசம் ஊராரின் கடிதங்களைச் சுமந்தவன் நான். கேட்ட கேள்விக்குக் கடிதத்தில்தான் மறுமொழி வரும். எழுதியதைப் படம் பிடித்து வட்சப்பில் போடச் சொல்லி அம்மா நிற்கிறாள். தபாலில்தான் போடுவேன்.

அன்றைக்கு நல்ல மழை. மழைக்கு எங்கள் ஒழுங்கை எப்படிக் கிடக்கும் என்று உனக்குத் தெரியும். பெடியன் மூன்று தரம் போன் எடுத்தான். "வைரவர் கோயிலைக் கண்டிட்டன் ஐயா, இனி எந்தப் பக்கம்?" அவனுடைய போன் மப்பில் எங்கள் வீடு பின்பக்கத் தோட்டக் காணிக்குள் கிடக்கிறதாம். குடையைப் பிடித்துக்கொண்டு படலைக்குப் போனேன். ரெயின்கோட்டைச் சாப்பாட்டுப் பெட்டிக்கு மேலே போர்த்திக் கட்டிவிட்டு, தான் தோய்ந்துபோய் நின்றான். கொத்து சுடச்சுட இருந்தது.

உள்ளுக்கு வரச் சொன்னேன், வரவில்லை. அடுத்த ஓடருக்குப் போன் அடித்தபடி இருந்தது. நின்ற இரண்டு நிமிசத்தில் நானும் விடுப்புக் கேட்டேன், என்னைத் தெரியும்தானே. காலமையில் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறானாம், பின்னேரம் இது. மோட்டார் சைக்கிள் லீசிங்கில் எடுத்தது. பெற்றோல் அவனுடைய காசு, போனுக்கு டேற்றாவும் அவனுடைய காசு. "கடையிலை முக்கால் மணித்தியாலம் நிண்டாலும் அதுக்கு ஒண்டும் இல்லை ஐயா. ஓடினாத்தான் காசு."

இங்கே ஆகக் குறைந்த மாதச் சம்பளத்தை 2025 சித்திரையில் 27,000 ரூபாயாகவும், 2026 தையில் 30,000 ரூபாயாகவும் கூட்டச் சட்டம் வந்தது. அது முதலாளி இருக்கிறவனுக்கு. இவனுக்கு முதலாளி இல்லை. கேட்டால், கொம்பனிக்கு இவன் பங்காளியாம். எங்கள் ஊரில் பங்காளி என்றால் கிணற்றுப் பங்கு கேட்டு வழக்குக்குப் போகிறவன். இவனுக்குப் பெற்றோலில் மட்டும்தான் பங்கு, அதுவும் முழுப்பங்கு. 2022 ஆனியில் பெற்றோல் 470 ரூபாய்க்கு ஏறியதும், பிறகு பங்கீட்டுக் கியூஆர் காட்டி மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் அடித்ததும் உனக்குச் செய்தியாக வந்திருக்கும். அந்த 4 லீற்றரை வைத்துப் பிழைப்பு ஓட்டியவர்களை நான் சைக்கிளில் போய்வரும்போது வரிசைகளில் பார்த்தேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். என் கையும் வாங்கிய கைதான் பிள்ளை, அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல ஏலாது.

1978இல் தபாலில் சேர்ந்தேன். 83 கலவரத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு வெளிநாட்டுக் கடிதம். ஜேர்மனி, பிரான்ஸ், லண்டன். நீலத் தாளைக் கண்டால் சில வீடுகளில் எனக்கு முதலில் தேத்தண்ணி, பிறகுதான் கடிதத்தைப் பிரிப்பார்கள். சித்திரை வருசத்துக்கும் தைப்பொங்கலுக்கும் கைவிசேடம் தருவார்கள், வெற்றிலையில் வைத்து. சட்டப்படி பார்த்தால் அரசாங்க உத்தியோகத்தன் அதை வாங்கக் கூடாது. உன் அப்பா அந்தக் கணக்கில் குற்றவாளிதான். அந்தக் காசில் உனக்கு வெள்ளைச் சப்பாத்தும் வாங்கியிருக்கிறேன்.

கோண்டாவில் பக்கம் ஒரு ஆச்சி. மகன் கொழும்பில் கடையில் நின்று மாதாமாதம் காசுக்கட்டளை அனுப்புவான். காசை எண்ணிக் கொடுத்ததும் ஆச்சி அதில் ஐந்து ரூபாயை எடுத்து நீட்டுவா. ஒருநாள் அவவின் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தேன், கிடுகு உக்கிக் கிடந்தது. "வேண்டாம் ஆச்சி, வைச்சிருங்கோ" என்று சைக்கிளைத் திருப்பினேன். மனிசிக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் தந்தால் நீ வாங்கமாட்டியோ? என்னைப் பிச்சைக்காரி எண்டு நினைச்சியோ?" என்று படலைவரைக்கும் வந்து கத்தினா. அடுத்த மாதம் வாயைப் பொத்திக்கொண்டு வாங்கினேன். கொடுக்கிறவருக்கும் அதில் ஒரு மரியாதை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இன்னொரு வீடும் இருந்தது, பெரிய கல்வீடு. அந்த ஐயா காசை என் கையில் வைக்கமாட்டார், மதில் கட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். ஆச்சி தந்ததைவிட இரண்டு மடங்கு. எடுக்காமல் விட எனக்குத் துணிவு இருக்கவில்லை, சம்பளம் அப்படி. எடுத்த ஒவ்வொரு முறையும் அவருக்கு முன்னால் குனிந்த மாதிரித்தான் இருந்தது.

இந்த ஊரில் கொடுக்கிறது என்பதற்கு ஒரு பழைய நாற்றம் இருக்கிறது, உங்களுக்கு அது தெரியாமல் வளர்த்துவிட்டோம். என் அப்பு காலத்தில் நெல்லுச் சூடு அடித்து முடிந்ததும் உடுப்பு வெளுக்கிற கட்டாடியாருக்கும் முடி வெட்டுகிறவருக்கும் நெல் அளந்து போடுவார்கள். வருசம் முழுக்கச் செய்த வேலைக்கான கூலிதான் அது. ஆனால் அவர்கள் முற்றத்துக்கு வெளியே நிற்க வேண்டும், நாங்கள் தர்மம் செய்கிற மாதிரி அளப்போம். தேத்தண்ணி கொடுத்தால் சிரட்டையில். உழைத்தவனுக்கு உரியதை நாங்கள் இரங்கிக் கொடுக்கிற மாதிரி ஆக்கிவைத்திருந்தோம். நானும் சின்னப் பெடியனாக அந்தச் சிரட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் 200 ரூபாயைக் கையில் வைத்ததும், அம்மாவைக் கூப்பிட்டு எங்கள் எவர்சில்வர் டம்ளரில் தண்ணியும் கொடுக்கச் சொன்னேன். அம்மா கொடுத்தாள், முணுமுணுத்துக்கொண்டுதான்.

அவள் முணுமுணுத்ததிலும் ஞாயம் இல்லாமல் இல்லை. "பழக்கிவிடுறியள். நாளைக்குக் குடுக்காத வீட்டிலை முகத்தைச் சுழிப்பான்" என்றாள். எனக்கு உடனே அவளுடைய ஒப்பரேசன்தான் நினைவுக்கு வந்தது. நீ அப்போது பிள்ளைத்தாய்ச்சி, இதை உனக்குச் சொல்லவில்லை. எந்த ஆசுப்பத்திரி என்று கேளாதே. எக்ஸ்றேக்குக் கொண்டுபோக ஆளில்லாமல் காலமை முழுக்கக் கிடந்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவர், அவர் அவளுக்கும் முந்தி வந்தவர், கூட ஒருத்தரும் இல்லை. நான் வெளியே போய் ஒரு சிற்றூழியரின் கையில் 500 ரூபாயை வைத்தேன். பத்து நிமிசத்தில் றொலி வந்தது, அம்மா போய்விட்டாள். கிழவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் நான் தோடம்பழம் கொண்டுபோய்க் கொடுத்தபோதும் அவர் அங்கேயேதான் கிடந்தார்.

அந்த 500 சந்தோசத்துக்குக் கொடுத்த காசு இல்லை, லஞ்சம். வாங்கிய மனிசனையும் என்னால் முழுதாகக் குறை சொல்ல முடியவில்லை, அவருடைய சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்க ஏலாது. ஆனால் அந்தக் காசு கிழவரின் முறையை எனக்கு வாங்கித் தந்தது.

இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். இணுவில் சித்தியின் மகன் உன் வீட்டுக்குப் பக்கத்தில்தானே கார் ஓடித் திரிகிறான். சித்தி அவன் ஏதோ கொம்பனியில் இருக்கிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறா. எனக்கு மட்டும் உண்மையைச் சொன்னான். உங்கள் போன் ஆப்பில் டிப்ஸை முதலிலேயே போட்டுவிட வேண்டுமாமே. ஓட்டம் எடுக்க முதலே மொத்தம் எவ்வளவு என்று சாரதிக்குக் காட்டும், கூடப் போட்டவரின் சாப்பாட்டை ஓடிவந்து எடுப்பார்கள், போடாதவரின் சாப்பாடு கடையிலேயே ஆறும் என்றான். அப்படியென்றால் அது டிப்ஸ் இல்லைப் பிள்ளை, ஏலம். இங்கே எங்கள் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய்க்குக் கூறுகிற மாதிரி. எனக்கு அந்த றொலிதான் கண்ணுக்குள் வருகிறது.

சட்டம் ஒன்று வந்ததையும் அவன்தான் சொன்னான். 2025 யூலை 1இல் இருந்து ஒன்ராறியோவில் ஆப்புக்கு ஓடுகிறவர்களுக்கும் ஆகக் குறைந்த சம்பளம் உண்டு, டிப்ஸைக் கொம்பனி பிடித்துவைக்கக் கூடாது. நல்லது. ஆனால் ஓடரை எடுத்ததில் இருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் வரைக்கும்தான் அந்தக் கணக்கு. பனிக்குள் காரை நிறுத்திவிட்டு அடுத்த ஓடருக்குக் காத்திருக்கிற நேரத்துக்கு ஒன்றும் இல்லை. பெற்றோலும் இன்சூரன்சும் அவனுடைய தலையில். அவனுக்கும் எங்கள் பெடியனுக்கும் டொலரிலும் ரூபாயிலும்தான் வித்தியாசம்.

மருமகன் சொல்கிறாரே, எல்லாருக்கும் கொடு என்று, அதையும் நான் முழுதாக ஒத்துக்கொள்ளமாட்டேன். உங்கள் மாகாணத்திலேயே 2022 தை வரைக்கும் குடிவகை பரிமாறுகிறவர்களுக்குச் சட்டப்படியே சம்பளம் குறைவு, டிப்ஸ் வருகிறதுதானே என்று. அமெரிக்காவில் மத்திய சட்டப்படி டிப்ஸ் வாங்குகிற தொழிலாளிக்கு முதலாளி நேரே கொடுக்க வேண்டியது மணிக்கு 2.13 டொலர், 1991இல் இருந்து அது அசையவில்லை. மிச்சத்தைச் சாப்பிட வந்தவர் நிரப்ப வேண்டும். நெல் அளந்து போட்ட கதைதான் அதுவும். நாங்கள் கொடுக்கக் கொடுக்க, கொடுக்க வேண்டியவன் தப்பிக்கொண்டே இருப்பான்.

அதற்காக இன்றைக்கு நனைந்துபோய் நிற்கிறவனிடம், "உன் கொம்பனியைக் கேள்" என்று கதவைச் சாத்தலாமோ? சாத்த என்னால் ஏலாது. நீயும் சாத்தமாட்டாய், கொஞ்சம் கோபத்தில் இருக்கிறாய், அவ்வளவுதான். வீட்டுக் கடனும் பிள்ளையின் செலவும் இருக்கிற இடத்தில் அந்தக் கோபம் பிழையில்லை.

நீயே போய்க் கோப்பி வாங்கிக்கொண்டு வருகிற கடையில் மெசின் கேட்டால் சைபரை அமத்து, வெட்கப்படாதே. இலை போட்டுப் பரிமாறினார்களோ, இல்லையே. வீட்டுப் படிக்கு வருகிறவனுக்குக் கொடு. கையில் பத்துச் சதம் இல்லாத கிழமையில் ஓடர் பண்ணாதே, சோற்றைக் காய்ச்சு. கொடுப்பதானால் ஏலும் மட்டும் கதவைத் திறந்து, கையில் கொடு. ஆப்பில் முதலே போட வேண்டி வந்தால் அது அவனுடைய கூலியின் மிச்சம் என்று நினைத்துப் போடு. பிறகு சாப்பாடு ஆறிவிட்டது என்று அதைக் குறைக்காதே. உன் தேர்தலில் யாராவது வாக்குக் கேட்டு வந்தால், காத்திருக்கிற நேரத்தையும் சம்பளத்தில் சேர்ப்பீர்களோ என்று கேள். அதற்கு உனக்குக் காசு செலவில்லை.

அந்தப் பெடியன் நேற்றும் இந்த ஒழுங்கையால் போனான், வேறு வீட்டுக்கு. கோண் அடித்துக் கையைக் காட்டினான். அம்மா விறாந்தையில் நின்று, "உந்தப் பிள்ளை இண்டைக்கும் கோட்டைப் பெட்டிக்குத்தான் போட்டுக்கொண்டு போகுது" என்றாள். இவள்தான் 200 ரூபாய்க்குக் கோள் சொன்னவள்.

சித்தியின் மகனை ஒரு ஞாயிறு வீட்டுக்குக் கூப்பிடு. குழல் புட்டும் மீன் குழம்பும் வை. அவன் வரும்போது வழியில் ஒன்றும் வாங்கிக்கொண்டு வரச் சொல்லாதே.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா.

பி.கு.: இனிக் கொத்து அனுப்பாதே. உப்புக் கூட, அம்மாவுக்குப் பிறஷர். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் மழையில்லாத நாளாகப் பார்த்து அனுப்பு.