ஜாப்பைப் பிடிப்பதும் ஒரு தொழில்நுட்பமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி கட்டுப்பாட்டில் இயங்கும் சிஎன்சி இயந்திரங்களின் வேகமும் துல்லியமும் செய்திகளில் விரிவாக இடம்பெறுகின்றன. அவற்றில் வெட்டப்படும் பாகத்தை, அதாவது ஜாப்பை, எங்கே தாங்கி, எங்கே இறுக்குகிறோம் என்பதோ அரிதாகவே பேசப்படுகிறது. ஜாப்பை இயந்திரத்தில் பொருத்தி அமைக்கும் செட்டிங் வேலையைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் இந்தக் குறை என்னை வருத்துகிறது.

தொழிலுக்கு வந்த புதிதில் மெல்லிய சுவருள்ள அலுமினிய வளையம் ஒன்றை மூன்று தாடைகளால் கவ்விப் பிடிக்கும் சக்கில் இறுக்கி, அதன் உள்விட்டத்தைக் கடைந்தேன். சக்கில் இருந்தவரை வட்டமாக இருந்த துளை, தாடைகளைத் தளர்த்தியதும் மூன்று பக்கம் பிதுங்கிக்கொண்டது. எதிரெதிரான இரண்டு புள்ளிகளில் அளக்கும் கருவி எப்படித் திருப்பினாலும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டியதால், உருளையை உள்ளே பொருத்தும் வேளையில்தான் பிழை தெரிந்தது.

ஜாப்பைப் பிடித்துவைக்கும் சாதனமே பிக்ஸர். அதைத் தனித்தனி உறுப்புகளால் கோத்து அமைக்கும், இன்று பரவிவரும் மாடுலர் பிக்ஸர் முறையை நான் மனமார வரவேற்கிறேன். சீரான இடைவெளியில் துளையிட்ட பேஸ் பிளேட்டில், இடத்தை நிலைநிறுத்தும் டவல் பின்களையும் தாங்கிகளையும் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்களையும் வேண்டியபடி பூட்டி, வேலை முடிந்ததும் கழற்றி அடுத்த ஜாப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். எந்தப் பின் எந்தத் துளையில் இருந்தது என்று குறித்து வைத்தால், பல மாதங்கள் கழித்தும் அதே செட்டிங்கை மீண்டும் அமைத்துவிடலாம். ஜீரோ பாயிண்ட் அமைப்புகள் இன்னும் ஒரு படி மேலே போய், ஜாப்பைச் சுமக்கும் பேலட் என்ற தட்டைக் கழற்றி மாட்டினாலும், அதைப் பெரும்பாலும் 5 மைக்ரானுக்குள் (மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான்) பழைய இடத்திலேயே அமர்த்துகின்றன. அவற்றில் பலவற்றில் பிடிப்பைத் தருவது ஸ்பிரிங். காற்றழுத்தமோ எண்ணெய் அழுத்தமோ விடுவிப்பதற்கு மட்டுமே தேவை என்பதால், அழுத்தம் நின்றுபோனாலும் பிடி தளராது. ஒரே பாகத்தை ஆயிரக்கணக்கில் செய்வோருக்கு அதற்கென்றே செய்த தனி பிக்ஸரே உறுதியானது என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் சாதனத்தை வாங்கிவிட்டால் மட்டும் போதாது. கீழே மூன்று, பக்கவாட்டில் இரண்டு, முனையில் ஒன்று என ஆறு புள்ளிகளில் ஜாப்பை நிலைநிறுத்தும் அடிப்படை விதியைப் பின்பற்றாவிட்டால், விலை உயர்ந்த கிளாம்ப் கூட அதை வளைக்கவே செய்யும். இறுக்கும் விசை தாங்கிக்கு நேர் மேலே விழ வேண்டும். ஒரு முனை ஜாப்பின் மீதும் மறுமுனை தாங்குகட்டையின் மீதும் அமரும் பட்டைக் கிளாம்ப்பில் போல்ட் ஜாப்புக்கு அருகில் இருக்க வேண்டும். அது பின்புறத் தாங்குகட்டையின் பக்கம் தள்ளிப்போனால், விசையில் பெரும்பகுதி ஜாப்பை விட்டுக் கட்டையின் மீதே இறங்கிவிடும். இதைக் கவனியாமல் போல்ட்டை மேலும் மேலும் முறுக்குவோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பயிற்சிக் கூடங்களில் முடிந்த பாகத்தின் அளவுக்கு மட்டும் மதிப்பெண் அளிக்காமல், ஜாப்பின் மீது நுண்ணிய நகர்வையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து, கிளாம்ப்பை இறுக்கும்போது முள் எவ்வளவு நகர்கிறது என்பதையும் மாணவர் எழுதிக் காட்டச் செய்ய வேண்டும் எனப் பயிற்றுநர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செட்டிங் பணியாளர்