பருத்திக்காட்டையும் ரயில் பெட்டியையும் பிரிக்காதீர்கள்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வரலாற்றுப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்க வரலாற்றுத் தாளைத் தமிழ்வழி மாணவர்களுக்குப் பதினான்கு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். புதிய பாடத்திட்டத்தில் எது எங்கே போனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேற்குக் குடியேற்றமும் உழவர் இயக்கமும் இரண்டாம் அலகில். தெற்கில் கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த சட்டங்கள் ஐந்தாம் அலகில். நடுவில் இரண்டு உலகப் போர்கள்.

சென்ற பருவத் தேர்வில் "மக்கள் கட்சி ஏன் வீழ்ந்தது?" என்று பத்து மதிப்பெண் வினா ஒன்று வந்தது. 1890களில் அமெரிக்க உழவர் இயக்கத்திலிருந்து பிறந்த கட்சி அது. பணப்புழக்கத்தைக் கூட்ட வெள்ளி நாணயத்தைத் தாராளமாக அடிக்கச் சொன்ன கோரிக்கை, 1896 குடியரசுத் தலைவர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பிரையனை ஆதரித்தது, அவர் தோற்றது. விடைக்குறிப்பில் இருந்தது இவ்வளவுதான். என் மாணவி ஒருத்தி இதையெல்லாம் ஒரு பத்தியில் எழுதிவிட்டு, மீதி இரண்டு பக்கமும் கறுப்பின உழவர்களின் ஓட்டு எப்படிப் பறிபோனது என்று எழுதியிருந்தாள். மூன்று மதிப்பெண் கிடைத்தது. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தோம். இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே சிவப்புக் கோடு. ஓரத்தில் "வினாவுக்குத் தொடர்பற்றது" என்று ஒரு குறிப்பு.

திருத்தியவர் மேல் எனக்குக் கோபமில்லை. பாடத்திட்டம் பிரித்துவைத்ததை அவரும் பிரித்தே பார்த்தார். இரண்டையும் மறுபடி ஒரே அலகில் வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அன்றைய தெற்கில், அடுத்தவர் நிலத்தை விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுதவனின் ஆண்டு எப்படி நகர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியும். உழவு தொடங்கும்போது கையில் காசு இருக்காது. விதை, சோளமாவு, உப்புப் பன்றி இறைச்சி எல்லாம் கடைக்காரரிடம் கடனுக்குத்தான். ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு விலை. ஈடாக எழுதிக்கொடுப்பது இன்னும் முளைக்காத பயிரை. பருத்திதான் போட வேண்டும் என்பதும் கடைக்காரரின் நிபந்தனை. அவருக்கு வேண்டியது சந்தையில் காசாகும் பயிர். வீட்டுச் சாப்பாட்டுக்குச் சோளம் விதைக்க நிலம் மிஞ்சாது, ஆகவே மாவுக்கும் அதே கடைதான். பருத்தி எடுத்து முடிந்ததும் கணக்கு நோட்டைத் திறந்தால் பாக்கி நிற்கும். அந்தப் பாக்கியோடு அடுத்த உழவு. 1894இல் பருத்தி பவுண்டுக்கு 5 சென்டுக்கும் கீழே இறங்கியபோது எத்தனை வீடுகள் நொடித்திருக்கும்!

அந்த நோட்டில் வெள்ளையர் பெயரும் இருந்தது, கறுப்பர் பெயரும் இருந்தது. மக்கள் கட்சியின் தெற்குக் கதை அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கட்சிக்கு வித்திட்ட சங்கமான, வெள்ளையரின் உழவர் கூட்டணி கறுப்பரைச் சேர்க்கவில்லை. அதனால் 1886இல் டெக்சாஸில் கறுப்பின உழவர்களுக்கென்று தனிக் கூட்டணி பிறந்தது. பத்து லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள் என்று அது சொல்லிக்கொண்டது. 1891இல் நூறு பவுண்டு பருத்தி எடுக்க ஒரு டாலர் கூலி கேட்டு அதன் தலைமை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தபோது, வெள்ளையர் கூட்டணித் தலைவர்களே எதிர்த்தார்கள். கூலி கொடுக்க வேண்டியவர்கள் அவர்களுடைய ஆட்கள். ஆர்கன்சாஸின் லீ கவுண்டியில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் துரத்திக் கொல்லப்பட்டார்கள்.

அப்படியும் அடுத்த ஆண்டே ஜார்ஜியாவில் மக்கள் கட்சித் தலைவர் டாம் வாட்சன், உங்களைத் தனித்தனியே கொள்ளையடிக்கத்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று இரு தரப்பு ஏழைகளிடமும் பேசினார். பின்னாளில் இதே வாட்சன் இனவெறியைப் பரப்பினார். அதையும் மாணவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். 1894இல் வட கரோலினாவில் மக்கள் கட்சியும், கறுப்பர் ஓட்டை நம்பியிருந்த குடியரசுக் கட்சியும் கைகோத்துச் சட்டமன்றத்தையே பிடித்தன. அதற்குக் கிடைத்த பதில் 1898 நவம்பர் 10. வில்மிங்டனில் ஆயுதமேந்திய வெள்ளையர் கும்பல் கறுப்பரின் பத்திரிகை அலுவலகத்தைக் கொளுத்தியது, மக்களைக் கொன்றது, முறையாக அமைந்த நகர ஆட்சியைக் கவிழ்த்தது.

லூசியானாவைப் பாருங்கள். 1896 ஆளுநர் தேர்தலில் இதே கூட்டு அங்கே ஆண்ட ஜனநாயகக் கட்சியைத் திணறடித்தது. 1898இல் கறுப்பரின் ஓட்டைப் பறிக்கும் புதிய மாநில அரசியல் சட்டம் வந்தது. 1896இல் 1,30,334 ஆக இருந்த, பதிவுபெற்ற கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை 1900இல் 5,320. ரயிலில் கறுப்பருக்குத் தனிப் பெட்டி என்ற சட்டத்தை எதிர்த்த பிளெஸ்ஸி வழக்கும் இதே மாநிலத்தில் கிளம்பியதுதான். அந்தத் தனிப் பெட்டிச் சட்டம் மக்கள் கட்சிக்கும் முன்பே, 1890இலேயே வந்துவிட்டது, உண்மை. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓட்டில்லாத உழவனை வைத்து ஒரு உழவர் கட்சி எப்படி நிற்கும்? என் மாணவி எழுதியது இதைத்தான்.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. 1862 சட்டப்படி குடியேறியவர்களுக்கு 160 ஏக்கர் கிடைத்தது என்று பாடம் சொல்கிறது. அது யாருடைய நிலம் என்று ஒரு வரிகூட இல்லை. 1887இல் பழங்குடிகளின் பொது நிலத்தைத் துண்டுபோடும் சட்டம் வந்தபோது அவர்களிடம் இருந்தது சுமார் 13.8 கோடி ஏக்கர். 1934இல் மிஞ்சியது 4.8 கோடி. இதைச் சொல்லாமல் மேற்குக் குடியேற்றத்தை எப்படி நடத்துவது? தமிழில் படிக்க நல்ல பாடநூலும் இல்லை. பழைய நோட்ஸின் மங்கிய நகல்களை வைத்துக்கொண்டு பிள்ளைகள் மல்லுக்கட்டுகிறார்கள்.

சரி, அதெல்லாம் ஒரு கூட்டத்தில் தீராது என்பது எனக்கும் தெரியும். இப்போதைக்கு நான் கேட்பது ஒன்றுதான். ஐந்தாம் அலகில் உள்ள ஒதுக்கல் சட்டங்களையும் வாக்குரிமைப் பறிப்பையும் இரண்டாம் அலகுக்கு, உழவர் இயக்கத்தின் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். விடைக்குறிப்பையும் அதற்கேற்ப மாற்றுங்கள். அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ளும்படி பணிவுடன் வேண்டுகிறேன். நேரில் வரச் சொன்னால் அந்த விடைத்தாள் நகலோடு வருகிறேன். சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு பக்கத்தையும் நீங்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி வரலாற்று ஆசிரியர்