30 என்றால் 30தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

டயர் காற்றழுத்தம் பார்க்கும் கேஜுக்காக வண்டி ஆர்வலர்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்து மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன். ஒருவர் கேஜ் 30 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) காட்டுகிறது, அதே டயரில் இன்னொருவருடையது 33 காட்டுகிறது. அவ்வளவுதான், கொஞ்ச நேரத்தில் பேச்சு கேஜை விட்டுவிட்டு ஆள்மேல் பாய்கிறது: "உனக்கு என்ன தெரியும்", "நான் எத்தனை வருஷமாக வண்டி பார்க்கிறேன் தெரியுமா".

இரண்டு கேஜுமே சரியாக இருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. முள் கேஜின் துல்லியத்தைப் பெரும்பாலும் முழு அளவின், அதாவது அது காட்டக்கூடிய அதிகபட்ச அழுத்தத்தின், சதவீதமாகத்தான் சொல்வார்கள். 100 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜுக்கு 3 சதவீதம் என்றால் எந்த இடத்திலும் 3 பிஎஸ்ஐ கூடலாம் குறையலாம், 30-இல் பார்க்கும்போது அது 10 சதவீதப் பிழை! 60 வரை மட்டும் காட்டும் கேஜில் அதே 3 சதவீதம் 1.8 பிஎஸ்ஐதான். நாம் வழக்கமாகப் பார்க்கும் அழுத்தம் முகப்பின் நடுப்பகுதியில் வருகிற மாதிரி கேஜ் வாங்கச் சொல்வது இதனால்தான். டிஜிட்டல் கேஜ் புள்ளிக்கு அப்புறம் ஓர் எண்ணையும் சேர்த்துக் காட்டுவதால் மட்டும் அது துல்லியமானது என்று ஆகிவிடாது.

முள் கேஜ் பலவற்றின் உள்ளே இருப்பது 1849-இல் பிரான்சில் யூஜின் பூர்தோன் காப்புரிமை பெற்ற அதே வளைந்த உலோகக் குழாய்தான். அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும், அதன் நுனியில் ஏற்படும் சின்ன அசைவைப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும். கீழே போட்டாலோ அளவுக்கு மீறி அழுத்தம் கொடுத்தாலோ குழாய் பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம். முள் பூஜ்யத்தில் ஒழுங்காக நிற்கிறது என்பதற்காக நடுவிலும் சரியாகக் காட்டும் என்று நம்பிவிட முடியாது.

டயரின் சூடு வேறு இருக்கிறது. கார் டயரில் 5, 6 டிகிரி செல்சியஸ் ஏறினாலே கிட்டத்தட்ட 1 பிஎஸ்ஐ கூடிவிடும். ஓட்டிவிட்டு வந்து பார்த்தவரும் காலையில் வண்டி எடுக்கும் முன் பார்த்தவரும் மோதிக்கொண்டால் யார் ஜெயிப்பது?

எனக்கு வருத்தம் புதிதாக வருகிறவர்களை நினைத்துத்தான். நியாயமாக ஒரு சந்தேகம் கேட்டுவிட்டு, மூத்தவர்கள் போடும் சத்தத்தில் அடுத்த கேள்வியைக் கேட்காமலே ஒதுங்கிவிடுகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் எண்ணைச் சொல்லும்போதே கேஜின் முழு அளவு என்ன, டயர் ஆறியிருந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படியும் ஒத்துவரவில்லையா, அளவுத்திருத்தம் செய்த, அதாவது சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துச் சரிசெய்த, ஒரு கேஜை அதே டயரில் கையோடு வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறை வைக்கும்போதும் கொஞ்சம் காற்று போகும், சைக்கிள் டயரில் அதுவே வித்தியாசம் காட்டிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்