யுத்த காலத்துப் பொருளெல்லாம் பத்திரமா வச்சிருந்து குடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டாம் உலகப்போர் நடந்தப்போ நம்ம பக்கம் வீட்ல இருந்த ஜனங்க எப்படி நாளை ஓட்டினாங்கன்னு காட்டுற மாதிரி ஒரு கண்காட்சி வைக்கப்போறோம், வீட்ல ஏதாவது இருந்தா குடுங்கன்னு கேட்டோம். பரண்ல இருந்து, பீரோ அடியில இருந்து, சாமி ரூம் டப்பாவுல இருந்தெல்லாம் எடுத்துக் குடுத்தீங்க. ஒருத்தர் குடுத்ததோட கதை இன்னொருத்தருக்குத் தெரிஞ்சிருக்காது, அதனாலதான் எல்லாருக்கும் சேத்து இந்த மடல்.

முதல் நன்றி விருதுநகர்ல இருந்து டிரங்குப் பொட்டியைத் தூக்கிட்டு பஸ்ல வந்த அக்காவுக்கு. கண்காட்சியில அதிகமா கூட்டம் நின்னது அந்தப் பொட்டி முன்னாடிதான். மூடிக்கு உள்பக்கம் ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கு, ஏர் பூட்டின ரெண்டு மாடு, பின்னாடி பச்சை வயல், உணவுப் பயிரை அதிகமா போடுங்கன்னு மேல பெரிய எழுத்து. ஓரமெல்லாம் பழுப்பேறி, கீழ் மூலையில ஆணித் துரு வட்டமா படிஞ்சிருக்கு, ஆனா மாட்டோட கழுத்து மணி மட்டும் இன்னும் மஞ்சளா பளிச்சுன்னு தெரியுது. பர்மா 1942-ல ஜப்பான் கைக்குப் போனதும் அங்கருந்து வந்துட்டிருந்த அரிசி நின்னுபோச்சு, அரிசியையே நம்பியிருந்த நம்ம பக்கம் திண்டாட்டம் ஆயிடுச்சு, அந்த நேரத்துப் பிரசாரம் இது. அதே சமயம் பேப்பருக்கும் பயங்கரத் தட்டுப்பாடு, பத்திரிகைங்களே பக்கத்தைக் குறைச்சுதான் வந்துச்சு, அப்போ கெட்டியான ஒரு தாள் கெடைச்சா யாரு விடுவா? அக்காவோட பாட்டி, பட்டுப்பொடவையில துரு படாம இருக்கணும்னு அதை மூடிக்குள்ள கோந்து போட்டு ஒட்டியிருக்காங்க. செவத்துல ஒட்டினதெல்லாம் மழையிலயும் வெயில்லயும் போயே போச்சு, பாட்டி பொடவைக்காக ஒட்டினது மட்டும் நமக்கு மிஞ்சியிருக்கு. அந்தப் பாட்டிக்குத்தான் நான் உண்மையிலேயே கடன்பட்டிருக்கேன்.

அதைப் பிரிச்சு எடுத்து ஃபிரேம் போடலாமான்னு சிலர் கேட்டப்போ, வேண்டவே வேண்டாம், தண்ணி பட்டா மை ஓடிரும், மூடியோடயே இருக்கட்டும்னு பொறுமையா விளக்கிச் சொன்ன ஆவணப் பாதுகாப்பு வேலை பாக்குற தம்பிக்கும் நன்றி. அதுல இருந்த பழைய லை, னை எழுத்து படிக்கத் தெரியாம நின்ன பசங்களுக்கு எழுத்து எழுத்தா சொல்லிக்குடுத்த ரிட்டயர்டு டீச்சரம்மாவுக்கும்.

சென்னையில இருந்து வந்த அந்தப் போஸ்ட்கார்டு கட்டைப் பத்தி சொல்லியே ஆகணும். 1942 ஏப்ரல் 5-ம் தேதி ஜப்பான் விமானம் கொழும்புல குண்டு போட்டுச்சு, மறுநாளே விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் போட்டுச்சு, அடுத்து மெட்ராஸ்தான்னு பயம் வந்து, அவசியமான வேலை இல்லாதவங்க ஊரைவிட்டுப் போயிருங்கன்னு அரசாங்கமே சொல்லிருச்சு. ரயிலுக்கு ரயில் ஜனம். அப்போ திருவல்லிக்கேணியில தனியா தங்கிட்ட ஒருத்தர் கும்பகோணத்துல இருந்த சம்சாரத்துக்கு எழுதின கார்டுங்க அது. பெருசா எதுவும் எழுதல மனுசன். தெருவுல விளக்கு இல்ல, பக்கத்து வீட்ல எல்லாம் பூட்டு, பசுமாட்டை யார்கிட்ட விட்டேன், சின்னவனுக்கு இருமல் நின்னுச்சா, அவ்வளவுதான். ஒரு கார்டுல மட்டும் மிருகக்காட்சிசாலையில சிங்கம் புலியெல்லாம் சுட்டுட்டாங்கன்னு ஒரு வரி. குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா ஊருக்குள்ள வந்துருமேன்னு செஞ்சது. அந்த ஒரு வரியைப் படிச்சுட்டு அப்படியே நின்னவங்க நெறைய பேர். குடும்பக் கடுதாசியை ஊரார் படிக்கக் குடுக்கறது சாதாரண விஷயம் இல்ல, குடுத்த அண்ணனுக்கும் அண்ணிக்கும் கை கூப்பி நன்றி சொல்றேன்.

ஓட்டைக் காலணா குடுத்தவங்க மட்டும் ஒரு டப்பா நெறைய இருக்கீங்க, எல்லாருக்கும் சேத்து ஒரே நன்றி! செம்பை மிச்சம் பிடிக்க 1943-ல இருந்து 1947 வரைக்கும் நடுவுல ஓட்டை போட்டு அடிச்ச காசு அது. மதுரைக்காரர் ஒருத்தர் குடுத்ததுல அரைஞாண் கயிறே இன்னும் கோத்திருக்கு, கைக்குழந்தையா இருந்தப்போ அவரோட அப்பா இடுப்புல கட்டினதாம். கூடவே ஒரு 1 ரூபா நோட்டும் குடுத்தாரு. வெள்ளி ரூபாயில இருந்த வெள்ளியை 1940-ல பாதியா குறைச்சாங்க, அதே வருஷம் 1 ரூபா நோட்டும் திரும்ப வந்துச்சு, இதெல்லாம் நோட்டையும் காசையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தாதான் மண்டையில ஏறுது.

ரேஷன் கார்டு குடுத்த தங்கச்சி, அந்தக் கார்டோட பின்பக்கத்தை நீயே சரியா பாத்திருக்க மாட்டேன்னு நெனக்கிறேன். பென்சில்ல உன் கொள்ளுப்பாட்டி கணக்கு எழுதி வச்சிருக்காங்க, எதிர் வீட்டுக்குக் குடுத்த அரிசி ஒரு ஆழாக்கு, வாங்கின மண்ணெண்ணெ அரை பாட்டில், திருப்பிக் குடுத்ததும் அடிச்ச கோடு. முன்பக்கம் அரசாங்கம் குடுக்குற அளவு, பின்பக்கம் அது பத்தாம தெருவுக்குள்ளயே ஜனங்க ஒருத்தருக்கொருத்தர் பாத்துக்கிட்ட அளவு. நான் இந்தக் கண்காட்சியில ஒண்ணே ஒண்ணைத்தான் வச்சுக்கலாம்னு சொன்னா இதைத்தான் எடுப்பேன்.

காரைக்குடி பக்கத்துல இருந்து வந்த பெரியவருக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அவரு கொண்டு வந்தது ஒரு பித்தளைச் சொம்பு, வாய் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். ரங்கூன்ல 1941 டிசம்பர்ல குண்டு விழ ஆரம்பிச்சதும் லட்சக்கணக்கான இந்தியர்ங்க பர்மாவை விட்டுக் கிளம்பினாங்க, கப்பல் கெடைக்காதவங்க காடு மலை வழியா நடந்தே வந்தாங்க, வழியிலயே காலராவுலயும் பட்டினியிலயும் போனவங்க ஏராளம். அவரோட அம்மா அந்தச் சொம்பைத் தூக்கிட்டுதான் நடந்து வந்திருக்காங்க. மைக் குடுத்தோம், ரெண்டு வாக்கியத்துக்கு மேல அவரால பேச முடியல. ஐயா, நீங்க பேசினது போதும், அதுவே எங்களுக்குப் பெருசு.

அதே மாதிரி மலேசியாவுல இருந்து போட்டோ அனுப்பின அக்கா. ஜப்பான்காரன் அங்க அடிச்ச 10 டாலர் நோட்டுல வாழமரம் இருக்கும், யுத்தம் முடிஞ்சதும் அது வெறும் காகிதம், மூட்டை மூட்டையா இருந்தாலும் ஒண்ணுக்கும் ஆகல. அந்த நோட்டோட, தாத்தா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டின கத்தியையும் படம் எடுத்து அனுப்பியிருந்தாங்க. தோட்டத்துல இருந்து அவரைப் பிடிச்சு சயாம் (இப்போ தாய்லாந்து) ரயில் பாதை போட அனுப்பினாங்க, 415 கிலோமீட்டர் பாதை, அதுல செத்துப்போன தமிழ்த் தொழிலாளிங்க ஆயிரக்கணக்குல, அவரும் திரும்பி வரல. சுவர் போஸ்டர் எதுலயும் இவங்களைப் பத்தி ஒரு வார்த்தை கெடையாது. வெற்றி நமதேன்னு ரெண்டு தரப்புமே அச்சடிச்சு ஒட்டினாங்க, ஆனா யாரு என்ன இழந்தாங்கன்னு சொல்றதுக்கு இந்தக் கத்தியும் அந்தச் சொம்பும்தான் இருக்கு.

பேரு தெரியாம கெடந்த மெடலைக் கையில வாங்கினதுமே, ரிப்பன்ல நடுவுல சிவப்பு, ரெண்டு பக்கமும் கருநீலம், அதுக்குள்ள மெல்லிசா ஆரஞ்சு, இது பர்மா சண்டையில இருந்தவங்களுக்குக் குடுத்த பர்மா ஸ்டார்னு சொல்லி, அதோட பின்பக்கம் பொறிச்சிருந்த நம்பரையும் பேரையும் லென்ஸ் வச்சுப் படிச்சுக் காட்டின முன்னாள் ராணுவக்காரருக்கு நன்றி. கரிப் பஸ் போட்டோ குடுத்து, பெட்ரோல் இல்லாத அந்தக் காலத்துல பின்னாடி அடுப்பு மாட்டி, கரியில வர்ற கேஸ்ல எஞ்சின் எப்படி ஓடுச்சு, கிளீனர் எப்படி பிளோயரைச் சுத்துவாரு, மேடு வந்தா ஜனம் எறங்கித் தள்ளணும்னு எல்லாத்தையும் நடிச்சே காட்டின அண்ணனுக்கும்தான். ஹால் வாடகை வேண்டாம்னு சொன்னவங்க, டேபிள் தூக்கின காலேஜ் பசங்க, விடிய விடிய பேர்ச்சீட்டு அச்சடிச்ச கடைக்காரர், டீ போட்டுக்கிட்டே இருந்த மாமி, ஒருத்தரையும் மறக்கல.

பொருளெல்லாம் ஒவ்வொண்ணா திருப்பி அனுப்பிட்டு இருக்கோம், ஸ்கேன் பண்ணின படத்தை பென்டிரைவ்ல போட்டு கூடவே வச்சிருக்கோம். ஒரு வேண்டுகோள், பத்திரமா இருக்கட்டும்னு தயவுசெஞ்சு லேமினேட் பண்ணிடாதீங்க, கிழிஞ்ச எடத்துல செலோடேப்பும் வேண்டாம், சாதாரண காட்டன் துணியில சுத்தி ஈரம் படாத எடத்துல வைங்க போதும். அப்புறம், கண்ணாடியில பாதி வரைக்கும் கறுப்பு பெயின்ட் அடிச்ச ஒரு அரிக்கேன் விளக்கு, விமானத்துக்கு வெளிச்சம் தெரியக்கூடாதுன்னு விளக்கை மறைச்ச இருட்டடிப்பு காலத்துது, யாரோட பேரும் ஒட்டாம எங்ககிட்ட இருக்கு. குடுத்தவங்க யாருன்னு சொன்னீங்கன்னா வீட்டுக்கே கொண்டு வந்து குடுத்துட்டு, அதோட கதையையும் கேட்டு எழுதிக்கிறேன்.