பழைய டீசல் கார் காலையில் முரண்டு பிடித்தால் பம்பையா கழற்றுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில், பல ஆண்டுகள் ஓடிய தமது டீசல் கார் காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை என்று எழுதிய வாசகருக்கு, டீசலை அழுத்தி அனுப்பும் பம்பையும் அதை இன்ஜினுக்குள் தெளிக்கும் நாசிலையும் சர்வீஸ் செய்யுமாறும், அதற்கும் சரிவராவிட்டால் வண்டியை மாற்றிவிடுமாறும் யோசனை கூறப்பட்டிருந்தது. பம்பு பழுதாவது உண்டு என்பதால் அந்தப் பதிலை முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் சந்தேகிக்க வேண்டியவற்றின் வரிசையில் கிட்டத்தட்டக் கடைசியில் நிற்க வேண்டியதை அது முதலில் நிறுத்திவிட்டது. அதுவே பல ஆயிரம் ரூபாய்ச் செலவும் வைக்கக்கூடியது. குன்னூரில் நீண்ட காலமாக டீசல் வண்டிகளைப் பழுது பார்த்து வருபவன் என்ற முறையில், இது குறித்துச் சற்று விரிவாக எழுத அனுமதி கோருகிறேன்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்று மட்டும் சொன்னால் எந்த மெக்கானிக்காலும் காரணத்தைச் சொல்லிவிட முடியாது. இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் மட்டும் தகராறு செய்கிறதா, அல்லது ஓடிச் சூடேறிய பிறகு டீக்கடையில் நிறுத்தி எடுக்கும்போது தகராறு செய்கிறதா. சாவியைத் திருப்பியதும் செல்ஃப் மோட்டார் வேகமாகச் சுற்றுகிறதா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா. அப்படிச் சுற்றும்போது சைலன்ஸரில் புகை வருகிறதா, வந்தால் என்ன நிறம்? இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால், ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே பழுது இருக்கும் இடம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். இவற்றைப் பார்த்துச் சொல்ல வண்டிக்காரருக்குத் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. பின்னால் ஒருவரை நிற்க வைத்துச் சாவியைத் திருப்பினால் போதும்.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் நசுக்கப்படும் காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். 1998 இறுதியில் அறிமுகமான டாடா இண்டிகாவின் 1405 சிசி டீசல் இன்ஜினை எடுத்துக்கொண்டால், உள்ளே வரும் காற்று ஏறத்தாழ 22-இல் ஒரு பங்காக நசுக்கப்படுகிறது. எல்லாம் நல்ல நிலையில் இருந்தால் அந்தக் காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். ஆனால் அந்தத் தலைமுறை இன்ஜின்களில் டீசல் நேராக சிலிண்டருக்குள் தெளிக்கப்படுவதில்லை. சிலிண்டர் ஹெட்டில் குடைந்திருக்கும் சிறு அறைக்குள்தான் தெளிக்கப்படுகிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அந்த அறையின் சுவர்கள் காற்றின் சூட்டை உறிஞ்சிவிடுகின்றன. அந்தக் குறையை ஈடுகட்டவே ஒவ்வொரு சிலிண்டருக்கும், பேட்டரி மின்சாரத்தில் சிவந்து அந்த அறையைச் சூடாக்கும் ஒரு ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஹீட்டர் பிளக்கின் கதை மலைப்பகுதிகளில் ஆண்டுதோறும் அரங்கேறுவது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பழைய டீசல் கார்களில் உதகைக்கு வருகிறவர்கள், இரவு விடுதி வாசலில் நிறுத்திய வண்டி காலையில் பிடிவாதமாக ஸ்டார்ட் ஆக மறுப்பதைக் கண்டு திகைத்துப் போகிறார்கள். நேற்று வரை ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆன வண்டி என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை. சமவெளியின் வெப்பத்தில், நான்கில் இரண்டு ஹீட்டர் பிளக் செத்திருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். ஓரிரு விநாடி கூடுதலாகச் சுற்றுவதையும் சிறிது வெள்ளைப் புகையையும் யாரும் பொருட்படுத்துவதில்லை. உதகையோ ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கிற்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். நசுக்கக் கிடைக்கும் காற்றும் குறைவு, அந்தக் காற்றும் குளிர்ந்தது. காந்தள், தலைக்குந்தா பக்கம் உறைபனி விழுந்த காலைகளில் கேட்கவே வேண்டாம். மாதக்கணக்கில் மறைந்திருந்த பழுது அன்றுதான் வெளியே வருகிறது. டீசலே உறைந்துவிட்டது என்று அருகில் நிற்பவர் யாராவது நிச்சயம் சொல்வார். அவர் சொல்வதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு ஹீட்டர் பிளக்கைச் சோதிப்பது நல்லது.

சோதிப்பதும் கடினமான வேலையன்று. பிளக்குகளை இணைக்கும் உலோகப் பட்டையைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டி, மறு முனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட வேண்டும். விளக்கு எரிந்தால் உள்ளே கம்பி அறுபடவில்லை. எரியாவிட்டால் அந்த பிளக் செத்துவிட்டது. கிளாம்ப் மீட்டர் வைத்திருப்பவர்கள் பட்டையைக் கழற்றாமலேயே, பிளக்குகளுக்குப் போகும் வயரில் எவ்வளவு ஆம்பியர் ஓடுகிறது என்று பார்க்கலாம். ஒரு பிளக் பத்து முதல் பதினைந்து ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால், நான்கும் உயிரோடிருந்தால் 40 முதல் 60 வரை காட்ட வேண்டும். எதுவுமே ஓடாவிட்டால் பிளக்குகள் மேல் பழி போடாமல், அவற்றுக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் ரிலேயையும் பெரிய ஃபியூஸையும் பார்க்க வேண்டும். இதில் பெரும்பாலோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: டேஷ்போர்டில் சுருள் வடிவ விளக்கு எரிந்து அணைவதால் ஹீட்டர் வேலை செய்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். பழைய வண்டிகளில் அந்த விளக்கு குறிப்பிட்ட நேரம் கழிந்ததை மட்டுமே காட்டும். நான்கு பிளக்கும் செத்த வண்டியிலும் அது ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணையும்.

கழற்றும்போது மட்டும் அவசரம் கூடாது. பல ஆண்டுகள் கரியோடு ஒட்டிக்கிடந்த பிளக்கைக் குளிர்ந்த இன்ஜினில் முரட்டுத்தனமாகத் திருகினால் அது பாதியில் முறிந்து ஹெட்டிலேயே நின்றுவிடும்; பிறகு சில நூறு ரூபாய் வேலை, ஹெட்டை இறக்கும் வேலையாகிவிடும். இன்ஜினைச் சூடாக்கி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, பொறுமையாகக் கழற்ற வேண்டும்.

செல்ஃப் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றினால் வேறெதையும் பார்ப்பதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். மெதுவாகச் சுற்றும் டீசல் இன்ஜினில் நசுக்கப்படும் காற்று கசிந்தும் ஆறியும் போவதால், வேண்டிய சூடு பிறப்பதேயில்லை. முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் அளவு காட்டும். செல்ஃப் அடிக்கும்போது அது பத்துக்கும் கீழே வெகுவாக இறங்கினால், பேட்டரி தளர்ந்துவிட்டது அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது என்று பொருள். புதுப் பேட்டரி வாங்கி மாட்டியும் சரியாகாத வண்டிகளில், இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டை பச்சை பூத்து இற்றுப்போயிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி புகை. செல்ஃப் அடிக்கும்போது வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ புகை வந்தால், டீசல் சிலிண்டருக்குள் போய்ச் சேர்கிறது, ஆனால் பற்றவில்லை என்று அறியலாம். அப்போது குறை சூட்டில் இருக்கிறது. ஹீட்டர் பிளக், சுற்றும் வேகம், கம்ப்ரஷன் (காற்று நசுக்கப்படும் அழுத்தம்), பம்பு டைமிங் (டீசல் தெளிக்கப்படும் நேரம்) என்ற வழியில் தேட வேண்டும். டைமிங் பெல்ட் மாற்றிய நாளிலிருந்துதான் இந்தத் தொல்லை என்றால் டைமிங்கை முதலில் பார்ப்பதே முறை. புகையே இல்லாவிட்டால் டீசல் போய்ச் சேரவில்லை. சாவியை ஆன் செய்ததும் ரோட்டரி பம்பின் (பழைய கார்களில் நாசில்களுக்கு டீசலைப் பங்கிடும் பம்பு) மேலுள்ள சொலினாய்டு, அதாவது டீசலைத் திறந்துவிடும் மின்காந்த வால்வு, 'டிக்' என்று ஒலிக்கிறதா என்று கேளுங்கள். ஒலிக்காவிட்டால் அதற்கு வரும் வயரையும், டீசல் ஃபில்டரில் தண்ணீரோ அழுக்கோ சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம். இவை இரண்டும் சரியாக இருந்தால், பெரும்பாலும் குற்றவாளி காற்றுதான்.

எங்கள் தெருவிலேயே ஒருவருடைய பழைய டீசல் கார், இரவு நிறுத்தினால் காலையில் வெகுநேரம் செல்ஃப் அடித்தால்தான் உயிர் பெறும். ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் அன்று முழுவதும் எந்தக் குறையும் இராது. வேறோர் ஊரிலுள்ள பட்டறையில், பம்பைக் கழற்றி ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயை எடுத்துவிட்டு, அதே அளவில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டி இரவு முழுவதும் விட்டுவைத்தோம். காலையில் அந்தக் குழாயில் ஒரு விரற்கடை நீளத்துக்கு டீசல் இல்லை; காற்று நின்றிருந்தது. செல்ஃப் அடித்ததும் சரம் சரமாகக் குமிழிகள் பம்பை நோக்கி ஓடின. ஃபில்டர் தலையில், டீசலைக் கையால் அமுக்கி ஏற்றுவதற்காக உள்ள கை பம்பின் சீல் காய்ந்து வெடித்திருந்தது. இதில் விசேஷம் என்னவென்றால், ஃபில்டரின் மேல் ஒரு சொட்டு டீசல்கூடக் கசிந்திருக்கவில்லை. டேங்கிலிருந்து பம்பு உறிஞ்சும் பகுதியில் டீசல் வெளியே கசிவதை விடக் காற்று உள்ளே போவதுதான் எளிது. வண்டி நின்றுவிட்டால் அந்தக் காற்றின் தயவில் டீசல் மெல்ல டேங்குக்கே திரும்பிவிடும். நாசில்களைத் தாங்கும் இன்ஜெக்டர்களின் தலையில், மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்ப மாட்டியிருக்கும் மெல்லிய ரிட்டர்ன் குழாய்களும் கடைசி முனையிலுள்ள சிறு ரப்பர் மூடியும் இதே வேலையைச் செய்யும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் கை பம்பை அது கெட்டியாகும் வரை அமுக்கிவிட்டு, உடனே ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்ப்பது இதற்குச் செலவில்லாத சோதனை. மேட்டைப் பார்த்து நிறுத்தினால் ஒரு மாதிரியும், பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினால் வேறு மாதிரியும் வண்டி நடந்துகொண்டால் அதுவும் காற்றையே சுட்டுகிறது.

அப்படியானால் பம்பின் மேல் எப்போது கை வைப்பது? காலையில் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகி, சூடேறிய பின் நிறுத்தினால் மட்டும் அடம்பிடிக்கும் ரோட்டரி பம்பு வண்டியில் அந்தச் சந்தேகம் நியாயமானது. சூட்டில் டீசல் நீர்த்துவிடுவதால், தேய்ந்த பம்பினுள் அது இடுக்குகள் வழியே நழுவி, செல்ஃப் சுற்றும் குறைந்த வேகத்தில் நாசிலைத் திறக்கப் போதிய அழுத்தம் கிடைக்காமல் போகும். ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றிச் சற்று நேரம் ஆறவிட்டதும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டால் தேய்மானம் கிட்டத்தட்ட உறுதி. அப்போது தயங்காமல் பம்பை அனுப்பலாம். கொதிக்கும் பம்பின் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரே குழாயில் (ரெயில்) டீசலை அதிக அழுத்தத்தில் தேக்கிவைக்கும் காமன் ரெயில் வண்டிகளுக்கு இவற்றில் பாதி பொருந்தாது. 2007 முதல் இங்கே ஓடும் ஸ்விஃப்ட் டீசல் போன்ற வண்டிகளில், செல்ஃப் அடிக்கும்போது ரெயிலின் அழுத்தம் சுமார் 200 பார் (ஒரு பார் ஏறத்தாழக் கடல் மட்டக் காற்றழுத்தம்) அளவையாவது எட்டினால்தான் கம்ப்யூட்டர் இன்ஜெக்டர்களைத் திறக்கும். ஆகவே ஸ்கேனரை மாட்டி அந்த எண்ணைப் படிப்பதும், ஒவ்வோர் இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் தனித்தனிப் பாட்டிலில் பிடித்து எது அதிகம் கசிகிறது என்று ஒப்பிடுவதும் முதல் வேலைகள். பழைய வண்டிகளில் காற்றை வெளியேற்ற நாசில் நட்டைத் தளர்த்தும் வழக்கத்தை இவற்றில் செய்யவே கூடாது. ஓடும்போது ஆயிரம் பாரையும் தாண்டும் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி அடிபட்ட விரலை மருத்துவர்கள் எடுக்க நேர்ந்ததும் உண்டு.

கம்ப்ரஷன் குறைவு என்று முடிவு கட்டுவது எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான், அதுவும் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரையும் அளந்த பிறகுதான். இன்ஜினை இறக்க வேண்டும் என்று காதால் கேட்டே சொல்கிறவர்களிடம் அளவுகளை எழுதித் தரச் சொல்லுங்கள். வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அமுக்கும் பகுதிக்கும் நடுவே விடும் இடைவெளி) இறுகிப்போய் வால்வு முழுதாக மூடாமலிருந்தாலும் கம்ப்ரஷன் குறையும். அதற்கு இன்ஜினை இறக்கத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஸ்டார்ட் ஆகாத வண்டியின் ஏர் ஃபில்டரில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டுவதும், ஈதர் ஸ்ப்ரே அடிப்பதும் பல இடங்களில் கைவைத்தியமாகவே ஆகிவிட்டது. ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும் இன்ஜினில் அந்த ஆவி நேரங்கெட்ட நேரத்தில் வெடித்து, பிஸ்டன் ரிங்கை முறிக்கும். காற்றுக் குழாய் வழியே நெருப்பு முகத்துக்கும் வரும். காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டி, இந்த வைத்தியத்துக்குப் பிறகு உண்மையிலேயே இன்ஜின் இறக்க வேண்டிய வண்டியாகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் 15 ஆண்டு கடந்த சொந்தக் கார்களுக்கும் தகுதிச் சோதனை முடித்துப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ள வழி இருப்பதால், இவ்வகை டீசல் கார்கள் இன்னும் சில காலம் ஓடத்தான் போகின்றன. ஆகவே தங்கள் வாகனப் பகுதிக்கு இத்தகைய கேள்வியை அனுப்பும் வாசகர்களிடம், வண்டியின் மாடலோடு, குளிரிலா சூட்டிலா, செல்ஃப் சுற்றும் வேகம் எப்படி, புகை உண்டா, என்ன நிறம் என்பவற்றையும் சேர்த்து எழுதுமாறு ஒரு குறிப்பு வெளியிட வேண்டுகிறேன். பம்பைக் கழற்றச் சொல்லும் பட்டறைகளும், அதற்கு முன் எந்தச் சோதனையைச் செய்தோம், அதில் என்ன அளவு கிடைத்தது என்பதை எஸ்டிமேட்டிலேயே இரண்டு வரி எழுதித் தரலாம்.

இப்படிக்கு,
டீசல் மெக்கானிக் ஒருவர்,
குன்னூர்.